ஈரத் தரையில் இறங்கிய முக்குளிப்பான்

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் நர்ஸ் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் குனிந்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அப்போதுதான் நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை என்று புரிந்தது. உதடு அசைந்தது, காற்று வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

எடுத்த கட்டி பயப்படும்படியானது அல்ல என்று மறுவாரம் தெரிந்தது. அந்தச் செய்தி வந்த அன்று என் கணவர் குரோம்பேட்டையில் இறங்கி, யாருக்கு என்று யோசிக்காமல் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். குரலைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் அவசரப்படவில்லை. கழுத்தில் ஒரு நரம்பு அதிர்ந்துபோயிருக்கிறது, ஒரு பக்கக் குரல் நாண் தூங்குகிறது, அதுவாக எழுந்துகொள்ளும், சில மாதங்கள் ஆகலாம் என்றார். கத்த முயற்சி செய்யாதீர்கள், ரொம்பக் கிசுகிசுக்கவும் செய்யாதீர்கள் என்று இரண்டையும் தடுத்தார். மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்கும் குரல் வேண்டுமே.

நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவள். மின்விசிறிச் சத்தத்தையும் கடைசி பெஞ்சுச் சத்தத்தையும் தாண்டிப் பேசியே பழகியவள். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அஸ்தினாபுரம் வீட்டில் உட்கார்ந்தேன். குரல் போனால் என்னென்ன போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆட்டோவை நிறுத்த முடியாது. குக்கர் விசில் அடிக்கும்போது அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட முடியாது. அம்மா போனில் "கேக்குதா, கேக்குதா" என்று தவிப்பார். என் கணவரோ, நான் கிசுகிசுத்தால் தானும் கிசுகிசுப்பாகவே பதில் சொல்ல ஆரம்பித்தார். உங்கள் தொண்டைக்கு என்ன வந்தது என்று நான் சைகையில் கேட்டபிறகுதான் அதை உணர்ந்தார். மறுநாள் மறுபடி கிசுகிசுத்தார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா இதற்கு நேர் எதிர். கோவளம் பக்கத்திலிருந்து மொபெட்டில், பின்னால் குண்டான் மாதிரி பெரிய அலுமினிய அன்னக்கூடையைக் கட்டிக்கொண்டு வருவார். தெருமுனையில் அவர் குரல் கேட்டால் நாங்கள் இரண்டாவது மாடியில் கதவைத் திறப்போம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவை நான் பேசாமல் விரலால் மீனைக் காட்டியதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

"இன்னா டீச்சர், எம்மேல கோவமா? போன வாரம் சங்கரா நல்லா இல்லியா?"

கழுத்தில் இருந்த தழும்பைக் காட்டினேன். அன்றிலிருந்து எனக்குக் காதும் கேட்காது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். விலையை ஒவ்வொரு எழுத்தாக, கைகளை அகல விரித்து, என் முகத்துக்கு நேராகக் கத்துவார். காது கேட்கும் என்று எத்தனையோ முறை காதைத் தொட்டுக் காட்டினேன். அதைப் பார்த்து இன்னும் சத்தமாகப் பேசினார்.

இப்படியாக வாய் பேச வேண்டிய இடங்களிலிருந்து தப்பித்து நான் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஏரி. பாதிக் கரையில் நடைபாதை, மீதிக் கரையில் வீடுகளின் பின்சுவர்கள். ஓரத்தில் சம்பங்கோரை அடர்ந்திருக்கும். ஒரு மூலையில் ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். நடைக்கு வருபவர்கள் காதில் ஏதாவது மாட்டியிருப்பார்கள், அல்லது கூட வருபவரோடு பேசிக்கொண்டே போவார்கள். தனியாக நிற்கும் பெண்மணியிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

அங்கேதான் அந்தச் சின்ன வாத்தைப் பார்த்தேன். வாத்து என்றுதான் முதலில் நினைத்தேன், வாத்துக் குஞ்சு. என் கைப்பிடிக்குள் அடங்குகிற உருண்டை உடம்பு. வால் என்று ஒன்றும் இல்லை, பின்பக்கம் பவுடர் பூசும் பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று இருந்தது. கன்னமும் கழுத்தும் செங்கல் நிறம். அலகின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு, சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைக்காத குழந்தைபோல. பார்த்துக்கொண்டே இருந்தபோது அது காணாமல் போனது. பறக்கவில்லை, தண்ணீர் தெறிக்கவில்லை. இருந்த இடத்தில் ஒரு வளையம் மட்டும் விரிந்தது.

அது எங்கே மேலே வரும் என்று காத்திருப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. மூழ்கிய இடத்துக்கு இந்தப் பக்கம் வரும் என்று பார்த்தால் அந்தப் பக்கம் வரும். அந்தப் பக்கம் பார்த்தால் கோரைக்கு அருகில் வரும். அலகில் ஒரு சிறு மீனோ தலைப்பிரட்டையோ துடிக்கும். இரண்டு உலுக்கு உலுக்கி விழுங்கிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். அது தண்ணீருக்குள் இருக்கும்வரை நானும் மூச்சைப் பிடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் நான்தான் தோற்பேன்.

கேமராவோடு கரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒருநாள் தானாகவே சொன்னார், இது வாத்தே இல்லை, முக்குளிப்பான், வேறு குடும்பம் என்று. எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து கணவரிடம் நாலைந்து முறை கிசுகிசுத்தேன். அவருக்கு முதலில் "முக்கு" மட்டும்தான் கேட்டது. எந்த முக்கு, தெருமுக்கா என்றார்.

பிறகு தினமும் பார்க்கப் பார்க்க அதன் வழக்கங்கள் பழகின. பயம் வந்தால் மற்ற பறவைகள் எழுந்து பறக்கும், இது மூழ்கும். இன்னொன்றைத் துரத்த வேண்டுமானால் சிறகை அடித்துக்கொண்டு தண்ணீர்மேல் கால் பாவ ஓடும், அப்போதும் முழுதாக மேலே எழும்பாது. நிஜமாகவே பறக்க நினைத்தால் ஏரியில் நீண்ட தூரம் ஓட வேண்டும், விமானம் ஓடுபாதையில் ஓடுவதுபோல. தாம்பரம் விமானப் படைத் தளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஓட்டம் பார்த்ததும் புரிந்தது.

எனக்கு அதனிடம் பொறாமையாக இருந்த ஒரே விஷயம் அதன் குரல். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும். யாரோ அடக்க முடியாமல் சிரிப்பதுபோல, நடுங்கி நடுங்கி, ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும். எதிர்க்கரையில் இருக்கும் ஜோடி உடனே பதில் சொல்லும். யாரும் இல்லாத நேரத்தில் நானும் வாயைத் திறந்து பார்ப்பேன். காற்றுதான் வரும்.

ஐப்பசி பிறந்து மழை ஆரம்பித்தது. எங்கள் பகுதியில் மழை என்றால் எல்லாருக்கும் வெள்ள பயம் உண்டு. கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் எந்தப் படிவரை வருகிறது என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் மாலை பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் பால் எடுக்கக் கீழே போன கணவர் திரும்பி வந்து, தண்ணீர் முதல் படியோடு நின்று வடிந்துவிட்டது என்றார். அப்பாடா என்று நான் பெருமூச்சு விடுவதற்குள், கீழே ஒரு வாத்து வந்து கிடக்கிறது, நீயும் வந்து பார் என்றார்.

கார் நிறுத்துமிடம் கழுவிவிட்டதுபோல மினுமினுத்தது. வானத்தின் வெளிச்சம் ஈர சிமெண்டில் அப்படியே விழுந்திருந்தது. எங்கள் வீட்டு ஓனர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காருக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூர்வீகமாக இந்த ஊர்க்காரர். இந்தக் கட்டிடம் நிற்கிற இடத்தில் அவர் அப்பா நெல் விளைத்திருக்கிறார். இப்போது இரண்டு கட்டிடமும் மெயின் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையும். பக்கத்தில் மீன்கார அக்கா மொபெட்டை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அன்னக்கூடையை இறக்கி வைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே தெருநாய் ஒன்று மூக்கைக் கம்பிக்குள் நுழைத்து நின்றது.

குனிந்து பார்த்தேன். டயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு செங்கல் நிறக் கழுத்து. அலகோரத்தில் மஞ்சள் பொட்டு.

"கால் ரெண்டும் ஒடிஞ்சி போச்சும்மா," என்றார் ஓனர் என்னிடம். "நிக்கவே முடியல பாருங்க. நெஞ்சால தேச்சிக்கினே போவுது."

அவர் சொன்னது உண்மைதான். ஒரு குச்சியை மெல்ல நீட்டியதும் அது எழுந்திருக்கப் பார்த்தது. இரண்டு எட்டு வைத்ததும் முன்பக்கம் குப்புற விழுந்தது. சிறகை அடித்தது. ஒரு முழம்கூட மேலே எழவில்லை. மறுபடி நெஞ்சைத் தரையில் தேய்த்துக்கொண்டு சுவர் ஓரத்துக்கு நகர்ந்தது. எத்தனையோ நாள் தண்ணீரில் பார்த்த பறவை, தரையில் இப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போன் பண்ணுவோம் என்றார் என் கணவர். பூங்காவில் தெரு வாத்தையெல்லாம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் ஓனர். மாட்டு டாக்டர் ஒருவரைத் தெரியும், அவரிடம் கொண்டுபோகலாம் என்று அவரே சொன்னார். மஞ்சள் பத்து போட்டுத் துணியால் கட்டினால் போதும், கோழிக்கு அப்படித்தான் கட்டுவோம் என்றார் மீன்கார அக்கா. அதற்கு முன்னால் நாய்க்குப் பயந்தே செத்துவிடும் என்றார் என் கணவர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் அது வாத்து இல்லை, ஏரியில் இருக்கிற முக்குளிப்பான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் முன்னால் நின்ற கணவருக்கே கேட்கவில்லை.

வேறு வழி தெரியாமல் மீன்கார அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பி என் உதட்டைப் பார்த்தார். பிறகு தன் காதைக் கொண்டுவந்து என் வாய்க்கு அருகில் வைத்தார். இத்தனை மாதத்தில் யாருக்கும் தோன்றாத காரியம் அது. ஒருமுறை கேட்டார், நிமிர்ந்தார்.

"டீச்சர் இன்னாமோ சொல்லுது. அல்லாரும் கொஞ்சம் கம்முனு இருங்க."

எல்லாரும் அமைதியானார்கள். நாய்கூட மூக்கை வெளியே இழுத்துக்கொண்டது.

"வாத்து இல்லியாம். முக்குளிப்பானாம். நம்ம ஏரில தெனம் பாக்குதாம் டீச்சரு," என்று அறிவித்துவிட்டு மறுபடி காதை நீட்டினார். "தண்ணி இல்லாம இருக்கக் கூடாதாம். கால பத்தி டீச்சருக்கும் தெரியலியாம்."

முதலில் தண்ணீரில் விட்டுப் பார்ப்போம் என்றேன். அக்கா அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே அன்னக்கூடையில் இருந்த மீன்களை எடுத்துப் பலகையில் அடுக்கினார். கூடையைக் குழாயடிக்குக் கொண்டுபோய், என் கணவர் கொண்டுவந்த சோப்பைப் போட்டு, ஓனர் வீட்டுத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். மீன் எண்ணெய் இறகில் ஒட்டினால் பறவைக்கு ஆகாது என்று எனக்குப் பயமாக இருந்தது, அதனால் மறுபடி ஒருமுறை கழுவச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கழுவி, கூடை நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தார். மொத்தத் தெருவும் மீனுக்குக் காத்திருந்தது அன்று.

பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. பழைய துண்டு ஒன்றை அதன்மேல் போட்டு இரண்டு கையாலும் அள்ளினேன். பஞ்சைத் தூக்குவதுபோல இருந்தது, அவ்வளவு லேசு. ஆனால் துண்டுக்குள் அதன் இதயம் என் விரல்களை உதைத்தது. தலையை மட்டும் வெளியே விட்டேன். உடனே கட்டை விரலில் ஊசி குத்துவதுபோலக் கொத்தியது. அந்தக் கோபத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கால்களை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். உடம்பின் நடுவில் இருக்க வேண்டியவை பின்கோடியில், வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு விரலும் ஒரு சின்ன இலை.

கூடையில் விட்டேன். ஒரு நொடி அப்படியே மிதந்தது. அடுத்த நொடி காணவில்லை. எட்டிப் பார்த்தால் கூடையின் அடியில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. சிறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு கால் இரண்டையும் பின்னால் விரித்து விரித்துத் தள்ளியது. அலுமினியத்தில் மூக்கு இடித்ததும் மேலே வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தது.

"கால் ஒடிஞ்சதுக்கு இன்னா வேகம் பாரு," என்றார் மீன்கார அக்கா.

ஓனர் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு சத்தமில்லாமல் வந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. கால்கள் நன்றாகவே இருந்தன. தரையில் நடப்பதற்கான கால்கள் இல்லை, அவ்வளவுதான். எழுந்து பறக்க வேண்டுமானால் அதற்குத் தண்ணீர்மேல் ஓட வேண்டும், சிமெண்டில் ஓட முடியாது. இரவில் ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகும்போது மழையில் மினுங்கிய எங்கள் தரையைத் தண்ணீர் என்று நினைத்து இறங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அக்கா காதில் சொன்னேன். அக்கா எல்லாருக்கும் சொன்னார். ஓனர் தரையைப் பார்த்தார், பிறகு மேலே தெரிந்த வானத்துண்டைப் பார்த்தார். நியாயம்தான், இந்த இடம் ஒரு காலத்தில் மழைக்காலமெல்லாம் தண்ணீராகத்தான் கிடக்கும் என்றார்.

ஏரிக்குக் கொண்டுபோக ஒயர் கூடை ஒன்றில் ஈரத் துண்டை விரித்து, அதில் வைத்து, மேலே இன்னொரு துணியால் மூடினேன். கணவர் ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீன்கார அக்கா மீனைத் திரும்ப அன்னக்கூடையில் அடுக்கி மொபெட்டில் கட்டினார். தெருவில் வியாபாரத்தைப் பார்க்கச் சொன்னேன். கேட்கவில்லை.

"இன்னா ஆவுதுன்னு பாக்காம போனா எனக்கு மீன் விக்க ஓடாது டீச்சர்," என்றார்.

ஓனர் முன்னால் புல்லட்டில் வழிகாட்டிக்கொண்டு போனார். நடைபாதைப் பக்கம் கரை உயரம், இறங்க முடியாது, மதகுப் பக்கம் படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மதகு வழியாகத்தான் அவர்கள் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. வழியெல்லாம் துணிக்குள் ஒரு அசைவும் இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்த கண் ஒன்று என்னைப் பார்த்தது.

ஏரி ஒரே இரவில் ஏறியிருந்தது. படியில் பாதி தண்ணீருக்குள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கினேன். துண்டோடு அதைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோய் மெல்ல விரித்தேன். முக்குளிப்பான் நழுவித் தண்ணீரில் உட்கார்ந்தது. ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. பிறகு மூழ்கியது.

வளையம் விரிந்தது. அது கரையைத் தொட்டு அடங்கியது. நாங்கள் நால்வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது வரவில்லை.

வழக்கமாக நான் மூச்சுப் பிடிக்கும் அளவு எனக்குத் தெரியும். அன்று பிடித்த மூச்சை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டேன். வந்துடும் என்றார் என் கணவர். சிறிது நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னார், இந்த முறை கேள்விபோல. ஓனர் ஆகாயத்தாமரைப் பக்கம் கையைக் காட்டி, அடியில் வேர் பின்னிக் கிடக்கும், யாராவது விட்ட நைலான் நரம்பு வலைகூட இருக்கலாம் என்றார். சொன்னபிறகு, சொல்லியிருக்க வேண்டாமே என்பதுபோல வாயை மூடிக்கொண்டார். மீன்கார அக்கா ஒன்றுமே பேசவில்லை. அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எத்தனை நேரம் சிமெண்டில் கிடந்ததோ, களைத்துப்போன பறவை. கூடையில் நாங்கள் போட்ட சோப்பு வேறு. இறகு நனைந்து கனத்து, மூழ்கியதோடு எழ முடியாமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். அதைக் காப்பாற்றுவதாக நினைத்து நானே கொண்டுவந்து தண்ணீருக்குள் போட்டுவிட்டேனோ. கணவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்க ஆயத்தமானார். எங்கே தேடுவார் என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நாங்கள் நால்வரும் அது மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாளில் அது மூழ்கிய இடத்தில் ஒருமுறைகூட எழுந்ததில்லையே. நான் அந்த இடத்திலிருந்து கண்ணை எடுத்தேன். இடப்பக்கம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வலப்பக்கம் திரும்பி, மதகுச் சுவரை ஒட்டி நின்ற சம்பங்கோரையின் அடித்தண்டுகளைத் தண்டு தண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தண்டின் பக்கத்தில் இன்னொரு சின்னத் தண்டு சாய்ந்திருந்தது. அது தண்டு இல்லை, அலகு. அலகும் ஒரு கண்ணும் மட்டும் தண்ணீருக்கு மேலே. உடம்பு முழுக்க உள்ளே. எங்களைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. நாங்கள் தவித்த நேரமெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

கத்தினேன். காற்று வந்தது. கணவர் தண்ணீரில் ஒரு காலை வைத்துவிட்டார். ஓடிப்போய் மீன்கார அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பி விரலை நீட்டினேன்.

"அதோ கீது," என்றார் அக்கா. "ஐயோ சார், ஏறி வாங்க. அது தோ கோரையாண்ட ஒளிஞ்சிகினு நம்மள வேடிக்க பாக்குது."

அந்தக் குரல் ஏரியின் எதிர்க்கரைவரை போயிருக்கும். முக்குளிப்பான் உடனே மறுபடி மூழ்கியது. ஆனால் இந்த முறை யாருக்கும் பயமில்லை. கொஞ்சம் தள்ளித் திறந்த தண்ணீரில் எழுந்து, முழு உடம்பையும் வெளியே காட்டி, அலகால் நெஞ்சு இறகை நீவ ஆரம்பித்தது. ஒவ்வொரு இறகாக எடுத்து, இழுத்து, கோதி, மறுபுறம் திரும்பி அதையும் கோதியது. அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். பயந்தே பூட்டேன் டீச்சர் என்றார், இந்த முறை சாதாரணக் குரலில். கணவர் நனைந்த ஒற்றைக் காலோடு ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். என் கையைப் பிடித்தார், நான் கை சில்லென்றிருக்கிறது என்றேன். அவருக்குக் கேட்டிருக்கிறது, கையைப் பேண்ட்டில் தேய்த்துவிட்டு மறுபடி பிடித்தார்.

ஓனர்தான் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஏரிக்கரைக் கடையில் நின்று நான்கு பேரும் குடித்தோம். சின்ன வயதில் இந்த ஏரியில் அந்தப் பறவையைத் துரத்தி நீந்திய கதையை அவர் சொன்னார். ஒருமுறைகூடத் தொட முடிந்ததில்லையாம், இன்றைக்குத்தான் அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தாராம். கடைசிவரை அதை வாத்து என்றுதான் சொன்னார். யாரும் திருத்தவில்லை. மீன்கார அக்கா டீக்கடைக்காரரிடம் முழுக் கதையையும் முதலிலிருந்து சொன்னார். அதில் பறவையைக் கண்டுபிடித்தது டீச்சர் என்று சொல்லும்போது என் தோளைத் தட்டினார். அன்று அவர் எங்கள் தெருவுக்குத் திரும்ப வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் சங்கரா முழுக்க விற்றுவிட்டது.

கார்த்திகையில் டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் பார்த்தார். "ஈ" சொல்லுங்கள் என்றார். சொன்னேன். தூங்கியது அசைகிறது என்று திரையைத் திருப்பி எனக்கும் காட்டினார். வெள்ளையாக இரண்டு மடிப்புகள். ஒன்று சுறுசுறுப்பாக வந்தது, மற்றது சோம்பலாக, ஆனால் வந்தது. கணவர் எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக, இனிமேல் பாடம் எடுக்கலாமா என்று கேட்டார். மைக் வைத்துக்கொண்டு எடுக்கலாம் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் கணவர் இந்த முறையும் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கினார்.

முதலில் காலை நேரத்தில் மட்டும் குரல் வந்தது, உடைந்த புல்லாங்குழல் மாதிரி. பிறகு மாலைவரை தங்கியது. தை மாதம் கல்லூரிக்குத் திரும்பினேன். மைக்கில் என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. மாணவர்கள் அந்த ஒரு வாரம் அமைதியாக இருந்தார்கள், அடுத்த வாரம் இல்லை. அதுவும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

மீன்கார அக்கா மட்டும் இன்னும் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார். எனக்குக் குரல் வந்துவிட்டது என்று குரலாலேயே சொல்லியாகிவிட்டது. தெரியும் டீச்சர், பழகிப்போச்சி என்கிறார்.

நாங்கள் விட்ட பறவை எது என்று அடையாளம் தெரியவில்லை. ஏரியில் நிறைய ஜோடிகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே மாதிரி. கார்த்திகைக் கடைசியில் சம்பங்கோரைக்கு நடுவில் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கிற கூடு ஒன்று கட்டியிருந்தது ஒரு ஜோடி. கூட்டை விட்டு இறங்கும்போது ஈரச் செடியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். பார்ப்பவருக்கு அது மழையில் ஒதுங்கிய குப்பை மாதிரி தெரியும். கேமராக்காரர் சொல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. மழை மறுபடி வலுத்தபோது கூடு அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பார்க்கப் போனேன். தண்ணீர் ஏறியது, கூடும் அதோடு ஏறியது. கோரையில் முடிந்து வைத்திருந்ததால் எங்கும் போகவில்லை.

பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை, கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. பெரிய பறவை தனியாக வருவதுபோலத்தான் இருந்தது. பக்கத்தில் வந்ததும் அதன் சிறகுக்குள்ளிருந்து கோடு போட்ட ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பிறகு மறுபக்கம் இன்னொன்று. அம்மாவின் முதுகில் உட்கார்ந்துகொண்டு ஏரியைச் சுற்றிப் பார்த்தன. அப்பா பறவை சிறு மீனோடு எழுந்து வந்து ஒன்றுக்கு ஊட்டியது. அடுத்ததற்கு ஏதோ வெள்ளையாகக் கொடுத்தது. இறகு. தன் உடம்பிலிருந்தே பிடுங்கிய இறகு. மீன் முள் வயிற்றில் குத்தாமலிருக்க அப்படி ஊட்டும் என்று பின்னால் படித்தேன்.

அம்மா பறவை என்ன நினைத்ததோ, திடீரென்று மூழ்கிவிட்டது. முதுகில் இருந்த இரண்டும் தண்ணீரில் கழன்று விழுந்து தக்கை மாதிரி ஆடின. கணவர் என் தோளைப் பிடித்தார். பொறுங்கள் என்றேன். குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு ஒன்றையொன்று முட்டின. அம்மா சற்று தள்ளி எழுந்து சிறகைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியது. இரண்டும் தண்ணீரை உதைத்துக்கொண்டு விரைந்து, முட்டி மோதி, பின்பக்கமாக ஏறி, அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.